தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட்

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் (ஏப்ரல் 26, 1815 – அக்டோபர் 22, 1858) இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சொசைட்டியைச் (சி.எம்.எஸ்.) சேர்ந்த மதப்பணியாளர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய அன்றைய வட திருநெல்வேலிப் பகுதியில், நிலையான இருப்பிடம் அமைக்காமல் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் செல்லும் 'சுற்றுப்பயண மிஷன்' என்ற முறையை 1854-ல் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் அந்தப் பயணத்தில் இருந்து சிவகாசியில் மறைந்தார்.

பிறப்பு, கல்வி

ராக்லண்ட் ஏப்ரல் 26, 1815 அன்று ஜிப்ரால்டரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். லிவர்பூலில் உறவினரின் வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார்.

1841-ல் கணிதத் தேர்வில் நான்காவது ராங்லராகத் தேறினார். கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்லர் என்று அழைப்பது வழக்கம். அப்பட்டியலில் முதல் சில இடங்களைப் பெறுபவர்களுக்குக் கல்லூரிப் பேராசிரியர் பதவியும் திருச்சபை உயர்பதவிகளும் எளிதில் அமைந்தன. ராக்லண்ட் தன் கல்லூரியிலேயே ஆய்வுநிலை உறுப்பினராகத் தேர்வானார். கற்பித்தலுடன், ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பார்ன்வெல் பகுதியில் உதவிப் போதகராகவும் பணியாற்றினார்.

சென்னைக்கு வருகை

1845-ல் சி.எம்.எஸ். அமைப்பில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1799-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட அவ்வமைப்பு, சென்னையில் இருந்த ஒரு குழுவின் வழியாகத் தென்னிந்தியப் பணிகளை நிர்வகித்தது. திருநெல்வேலி, திருவிதாங்கூர், மசூலிப்பட்டினத்தை மையமாகக் கொண்ட தெலுங்குப் பகுதி ஆகியவை அக்குழுவின் பொறுப்பில் இருந்தன. ராக்லண்ட் அதன் செயலாளராகப் பணியாற்றினார். கணக்குகள், கடிதங்கள், பணியாளர் நியமனங்கள், நிலம் தொடர்பான வழக்குகள் ஆகியவை அவர் மேசைக்கு வந்தன.

அலுவல் தொடர்பாக அவர் திருநெல்வேலிக்கும் பிற பகுதிகளுக்கும் பயணம் செய்தார். அப்போது ரயில் பாதை இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல்தான் திறக்கப்பட்டது. மதுரைக்குத் தெற்கே தூத்துக்குடி வரையிலான பாதைக்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மாட்டுவண்டி, பல்லக்கு, குதிரை, கால்நடை ஆகியவையே பயணத்திற்கான வழிகள். ராபர்ட் கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து இடையன்குடியில் பணியைத் தொடங்கினார் என்பது அக்காலத்துப் பயணத்தின் இயல்பைக் காட்டும்.

வட திருநெல்வேலி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலம் முதல் அங்கே ஒரு பணிமுறை உருவாகியிருந்தது. நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடியிருப்புகளை அமைப்பது, அங்கே ஆலயமும் பள்ளியும் கட்டுவது, மிஷனரி ஒரு வளாகத்தில் தங்கிச் சுற்றியுள்ள சபைகளைக் கவனிப்பது என்பதே அம்முறை. டோனாவூர், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்கள் அவ்வாறு வளர்ந்தவை.

அந்த முறைக்கு ஒரு விளைவு இருந்தது. சபைகள் பெருகியபோது மிஷனரியின் நாள் முழுவதும் அவற்றின் நிர்வாகத்திலேயே கழிந்தது. பள்ளி ஆசிரியர் சம்பளம், நிலத் தகராறு, கட்டடப் பணி, சபை உறுப்பினர்களின் பூசல் ஆகியவை அவரை வளாகத்தில் கட்டிப்போட்டன. பாளையங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே இருந்த ஊர்களுக்குச் செல்ல எவருக்கும் நேரம் இருக்கவில்லை. சென்னைச் செயலாளராக எல்லா நிலையங்களின் அறிக்கைகளையும் வாசித்த ராக்லண்டுக்கு இந்தச் சிக்கல் முழுமையாகத் தெரிந்திருந்தது.

தெற்கின் தேரிக்காடும் பனைமரமும் சார்ந்த வாழ்க்கை வடக்கில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் மலைக்குக் கிழக்கே உள்ள இந்த நிலம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. வைப்பாறும் அதன் துணையாறான அர்ச்சுனா ஆறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ச்சுனா ஆற்றை ஒட்டி அமைந்த ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் இன்று அணைக்கட்டு உள்ளது. ராக்லண்ட் காலத்தில் கண்மாயும் ஊருணியும் கிணறுமே நீருக்கு ஆதாரம். 'குட்டம்' என்ற சொல்லே நீர் தேங்கும் ஆழமான இடத்தைக் குறிப்பது. நீர் எங்கே நிற்கிறதோ அங்கே ஊர் அமைந்த நிலம் இது.

மண் பெரும்பாலும் கரிசல். பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்தன. கோடையில் கரிசல் நிலம் வெடித்துப் பிளந்து, மாட்டின் கால் இறங்கும் அளவுக்கு வாய் திறந்து கிடக்கும். மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வெயில் காலத்தில் வெப்பமும் மழைக் காலத்தில் சேறும் பயணத்தைத் தடுத்தன. வண்டிப் பயணத்திற்கு உகந்த மாதங்கள் குறைவு.

மக்களும் பலவகையினர். தமிழ் பேசுவோருடன், நாயக்கர், ரெட்டியார் முதலிய தெலுங்கு பேசும் சமூகத்தினரும் கரிசல் ஊர்களில் வாழ்ந்தனர். மறவர், நாடார், பள்ளர் எனப் பல சமூகங்கள் தனித்தனித் தெருக்களில் குடியிருந்தன. பல ஊர்கள் ஜமீன்களின் ஆதிக்கத்தில் இருந்தன. தெற்கில் ஒரே சமூகத்தினர் கூட்டமாக மதம் மாறியதைப் போன்ற சூழல் இங்கே அமையவில்லை.

வணிகர்களின் பயண வழிகள்

ராக்லண்ட் வருவதற்கு முன்பே இந்த நிலத்தில் சீரான பயண அமைப்பு ஒன்று இருந்தது. தெற்கிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றி வந்த நாடார் வணிகர்கள், வண்டிகளையும் சரக்கையும் பாதுகாப்பாக நிறுத்தச் சுற்றுச்சுவர் கொண்ட பேட்டைகளை அமைத்தனர். ஒரு பேட்டைக்கும் அடுத்த பேட்டைக்கும் இடையே ஒருநாள் வண்டிப் பயண தூரம் இருந்தது. பேட்டையைப் பயன்படுத்திய வணிகர்கள் சரக்குக்கு ஏற்ப ஒரு தொகையைப் பொதுநிதியாகச் செலுத்தினர். அதற்கு 'மகமை' என்று பெயர்.

சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள் இந்த வணிகத்தால் வளர்ந்தவை. மகமை நிதியிலிருந்து பின்னாளில் கோயில்களும் கிணறுகளும் பள்ளிகளும் உருவாயின. விருதுநகரின் சத்திரிய வித்யாசாலை இவ்வகையில் அமைந்தது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே, சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். வண்டி மாடுகள் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் அது. இந்த வட்டாரத்தில் வண்டியில் பயணம் செய்யும் எவருக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

சமயம் சார்ந்த கால்நடைப் பயணமும் இப்பகுதிக்குப் புதிதல்ல. ஏசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) மறவர் நாட்டில் நடந்து பணியாற்றி 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்டார். கோவில்பட்டிக்கு அருகே உள்ள காமநாயக்கன்பட்டி வீரமாமுனிவரின் தொடக்ககாலப் பணியிடம். ராக்லண்டின் முறை அவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. அவர்கள் தமிழகத் துறவியரின் உடையையும் உணவையும் ஏற்றுக்கொண்டவர்கள். ராக்லண்ட் ஆங்கிலேயராகவே வாழ்ந்தார். வளாகத்தையும் பங்களாவையும் மட்டும் கைவிட்டார்.

சுற்றுப்பயண மிஷன்

ராக்லண்ட் தன் திட்டத்தை சி.எம்.எஸ். தலைமைக்கு முன்வைத்தார். 1850-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று தன்னுடன் பணியாற்ற இளைஞர்களைத் தேடினார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரும் இணைந்தனர். இருவரும் கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள். ஃபென்னின் தந்தை ஜோசப் ஃபென் கோட்டயத்தில் பணியாற்றிய தொடக்ககால மிஷனரிகளில் ஒருவர்.

1854-ல் மூவரும் வட திருநெல்வேலியில் பயணத்தைத் தொடங்கினர். திட்டத்தின் அடிப்படை எளிமையானது. மிஷனரிக்கு நிலையான வீடு கூடாது. நிலம் வாங்கக்கூடாது. புதிய சபைகளின் நிர்வாகத்தில் சிக்கிக்கொள்ளக்கூடாது. பகுதி முழுவதையும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊருக்கும் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும்.

ஊருக்கு வெளியே மரநிழலும் நீரும் உள்ள இடத்தில் கூடாரம் அடிக்கப்படும். கூடாரத் துணி, முளைகள், சமையல் பாத்திரங்கள், நூல்கள், துண்டுப் பிரசுரங்கள் ஆகியவை மாட்டுவண்டிகளில் வரும். வெயில் ஏறும் முன்பே சுற்றியுள்ள ஊர்களுக்குக் குதிரையிலோ நடந்தோ செல்வார்கள். ஊர்ச் சாவடியிலும் தெருமுனையிலும் பேசுவார்கள். நண்பகலில் கூடாரத்திற்குத் திரும்புவார்கள். கோடையில் துணிக் கூடாரத்தின் உட்புறம் வெளியைவிட வெப்பமாக இருக்கும். வெயில் தணிந்ததும் மீண்டும் புறப்படுவார்கள். சுற்றியுள்ள ஊர்கள் முடிந்ததும் கூடாரம் பிரிக்கப்பட்டு வண்டிகள் அடுத்த இடத்திற்கு நகரும்.

மொழி பெரிய தடையாக இருந்தது. ராக்லண்ட் சென்னையில் இருந்த ஆண்டுகளில் அலுவலகப் பணிக்கு ஆங்கிலமே போதுமானதாக இருந்தது. கரிசல் ஊரின் பேச்சுத்தமிழ் அலுவலகத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது அல்ல. அதை ஊர்களில்தான் கற்க வேண்டியிருந்தது.

தமிழ் உபதேசியார்கள்

இப்பயணம் மூன்று ஆங்கிலேயர்களால் மட்டும் நடைபெறவில்லை. சமயம் கற்பிக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பணியாளர்களை உபதேசியார் என்று அழைப்பது வழக்கம். தெற்குத் திருநெல்வேலியின் சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து வடக்கே வந்து பயணத்தில் கலந்துகொண்டு திரும்பினர். அவர்களுக்கான செலவைத் தெற்குச் சபைகள் ஏற்றுக்கொண்டன.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் இது முக்கியமான திருப்பம். அதுவரை அயல்நாட்டு அமைப்பின் பணத்தில் இயங்கிய சபைகள், தங்கள் பகுதிக்கு வெளியே ஒரு பணியைத் தங்கள் காணிக்கையில் நடத்தின. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சொந்தமாக மிஷனரி அமைப்பை உருவாக்கித் தெலுங்குப் பகுதியான டோர்ணக்கலுக்குப் பணியாளர்களை அனுப்பினர். தங்கள் செலவில் தங்கள் ஆட்களை அயலூருக்கு அனுப்பும் வழக்கத்தின் முந்தைய வடிவம் வட திருநெல்வேலிப் பயணத்தில் உள்ளது.

ஊர்க்காரர்களுடன் பேச்சை நடத்தும் திறன் உபதேசியார்களிடமே இருந்தது. எந்தத் தெருவில் யாருடன் எப்படிப் பேச வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதேசமயம் அவர்களுக்கான இடர்களும் அதிகம். வெள்ளைக்காரருக்கு ஊரில் கிடைத்த அச்சம் கலந்த மரியாதை, தெற்கிலிருந்து நடந்து வந்த உபதேசியாருக்குக் கிடைக்காது. சாதியைக் கேட்டு அறிந்த பின்னரே தண்ணீரும் திண்ணையும் கிடைத்த காலம் அது. மிஷன் வரலாற்று நூல்களின் தலைப்புகளில் மிஷனரிகளின் பெயர்களே இடம்பெற்றன. உபதேசியார்களும், வண்டியோட்டிகளும், கூடாரம் அடித்த பணியாளர்களும் அந்நூல்களின் ஓரங்களிலேயே காணப்படுகின்றனர்.

மறைவு

ராக்லண்டின் உடல்நிலை தொடக்கம் முதலே வலுவானதாக இல்லை. நுரையீரல் பாதிப்பு இருந்தது. அக்டோபர் 22, 1858 அன்று சிவகாசியில் ரத்தக்குழாய் வெடித்துத் திடீரென மறைந்தார். அப்போது டேவிட் ஃபென் உடனிருந்தார். ராக்லண்டின் வயது 43. சிவகாசியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து பத்தாம் நாள், நவம்பர் 1, 1858 அன்று விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளியானது. இந்திய ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு மாறியது. மக்களின் சமய நம்பிக்கைகளில் அரசு தலையிடாது என்று அப்பேரறிக்கை அறிவித்தது.

பிற்காலம்

ராக்லண்டுக்குப் பின் ஃபென்னும் மெடோஸும் பணியைத் தொடர்ந்தனர். ஆனால் தூய பயணம் என்ற வடிவம் நீடிக்கவில்லை. ஒரு ஊரில் சில குடும்பங்கள் கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டதும் அவர்களுக்கு ஆலயம், பள்ளி, தங்கியிருக்கும் ஆசிரியர் ஆகியவை தேவைப்பட்டன. ஊர் விலக்கோ வழக்கோ வந்தால் முறையிட ஓர் இடம் தேவைப்பட்டது. கூடாரம் நகர்ந்த பிறகும் அவர்கள் அதே ஊரில், அதே அயலாருடன் வாழ வேண்டியிருந்தது. எனவே நிலையங்கள் உருவாயின. சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் சி.எம்.எஸ். பணியின் மையமாக வளர்ந்தது. அங்கே பள்ளிகள் அமைந்தன.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே அனுபவம் வேறொருவருக்கும் நேர்ந்தது. ஏமி கார்மைக்கேல் 1890-களின் இறுதியில் தமிழ்ப் பெண்கள் குழுவுடன் மாட்டுவண்டியில் திருநெல்வேலி ஊர்களில் பயணம் செய்தார். 1901-ல் கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படுவதிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் அளித்தார். அத்தகைய குழந்தைகள் பெருகியபோது பயணத்தை நிறுத்தி டோனாவூரில் நிலையாகத் தங்கினார். அவர் ராக்லண்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியது இப்பின்னணியில்தான்.

சிவகாசியும் மாறியது. 1910-ல் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தன. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பயணம் செய்து தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் அதிலிருந்து வளர்ந்தன. மழை குறைந்த நிலம் என்று பயணிகளை வாட்டிய அதே வறட்சி, வெடிமருந்தும் அட்டையும் காயவைக்க உகந்த சூழலாக ஆனது. 1985-ல் விருதுநகர் தனி மாவட்டமானது.

வாழ்க்கை வரலாறுகள்

ராக்லண்ட் குறித்து இரு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியைச் சேர்ந்த டி.டி. பெரோன் எழுதிய நினைவு நூல் 1861-ல் வெளியானது. ராக்லண்டின் கடிதங்களை அடிப்படையாகக் கொண்டது. ஏமி கார்மைக்கேல் எழுதிய நூல் 1922-ல் வெளியானது. இரண்டும் ஆங்கிலத்தில், பக்திப் பார்வையில் எழுதப்பட்டவை.

மதிப்பீடு

மதம் பரப்பும் நோக்கமே ராக்லண்டின் பயணத்தை இயக்கியது. நிலத்தையும் மக்களையும் அந்நோக்கத்தின் வழியாகவே அவர் பார்த்தார். உள்ளூர் வழிபாடுகளை அவற்றின் இயல்பில் அறியும் ஆர்வம் அவர் காலத்து மிஷனரிகள் பெரும்பாலோரிடம் இல்லை. எண்ணிக்கை அடிப்படையிலும் அவர் உயிருடன் இருந்த நான்கு ஆண்டுகளில் பெரிய மதமாற்றம் நிகழவில்லை.

அவருடைய முக்கியத்துவம் முறையில் உள்ளது. அலுவலகத்தில் அமர்ந்து அறிக்கைகளை வாசித்த ஒருவர், அமைப்பு தன் சுமையாலேயே அசைவிழந்துவிட்டது என்று கண்டறிந்தார். அதற்கான தீர்வைப் பிறருக்குப் பரிந்துரைக்காமல், செயலாளர் பதவியை விட்டுத் தானே கூடாரத்திற்குச் சென்றார். அந்தத் தீர்வின் எல்லையும் விரைவிலேயே வெளிப்பட்டது. பயணம் ஒரு நிலத்தை அறிமுகம் செய்யும். ஆனால் பொறுப்பேற்பவர்கள் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். வளாகத்தை எதிர்த்துத் தொடங்கிய பணி சாட்சியாபுரத்தின் வளாகத்தில் நிலைபெற்றது.

அவர் எதிர்பாராத விளைவும் ஒன்று உண்டு. நிலையான மிஷனரி இல்லாத பணியை நடத்துவதற்கு உபதேசியார்களும் அவர்களை அனுப்பிய சபைகளும் தேவைப்பட்டன. அதன் வழியாகத் திருநெல்வேலித் திருச்சபை பிறரால் நடத்தப்படும் நிலையிலிருந்து தானே நடக்கும் நிலைக்கு நகரத் தொடங்கியது. வட திருநெல்வேலிப் பயணத்தின் நிலைத்த பயன் அதுவே.